வெனீர் ஒட்டிய பிளைவுட் சட்டம்: மிச்சம் முகத்தில், செலவு ஓரத்தில்

கதவைச் சுற்றிப் போடும் சட்டத்துக்கு ஒருவர் ஒரு விலை சொல்கிறார், இன்னொருவர் அதைவிடக் கணிசமாகக் குறைத்துச் சொல்கிறார். இருவருமே "தேக்கு" என்கிறார்கள். இரண்டு மாதிரித் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடவில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒன்று முழுத் தேக்கு, மற்றது பிளைவுட்டின் மேல் ஒட்டிய அரை மில்லிமீட்டர் தேக்கு, அதாவது வெனீர். கண்ணுக்குத் தெரிவது இரண்டிலும் நிஜத் தேக்குதான்.

அலமாரிக் கதவு, மேஜை மேற்பரப்பு மாதிரி அகலமான வேலைக்கு வெனீர் லாபம் என்பதில் பெரிய விவாதம் இல்லை. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி ஒல்லியான சட்டத்துக்குப் போடும்போதுதான் இடறுகிறது. பிளைவுட்டின் பலவீனம் அதன் ஓரம். சட்டம் என்பதோ பெரும்பாலும் ஓரமே.

## முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

கதவு நிலையும் சுவரும் சேரும் இடுக்கை மூடும் பட்டை, தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங், ஜன்னலைச் சுற்றி வரும் பட்டை, இவற்றையெல்லாம் சேர்த்து ட்ரிம் என்பார்கள். இங்கே சட்டம் என்று சொல்வது இவற்றைத்தான்.

திட மரம் என்றால் வெட்டி, அறுத்து, இழைத்த முழு மரம். மேலே என்னவோ உள்ளேயும் அதேதான். பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றின் இழையும் முந்தையதற்குக் குறுக்காக ஓடும்படி அடுக்கிப் பசை போட்டு அழுத்திய பலகை. ஏடுகளின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படையாக இருக்கும், அப்போதுதான் இரு முகங்களிலும் இழை ஒரே திசையில் ஓடி இழுவை சமமாகும். வெனீர் என்பது பார்வைக்காக மேலே ஒட்டும் ஏடு. நல்ல மரத்திலிருந்து சீவியது, பெரும்பாலும் 0.5 முதல் 0.6 மி.மீ. தடிமன், கடையில் ஏற்கெனவே ஒட்டி வரும் பலகைகளில் 0.3 மி.மீ. வரைகூட இறங்கும்.

லேமினேட் வேறு. அது மரமே இல்லை, மர ரேகை அச்சடித்த காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து அழுத்தியது. "தேக்கு ஃபினிஷ்" என்று எழுதியிருந்தால் உள்ளே தேக்கு என்பது ஒரு துளிகூட இல்லாமல் இருக்கலாம். "தேக்கு வெனீர்" என்றால் மேலே தேக்கு இருக்க வேண்டும். வெறும் "தேக்கு" என்று போட்டிருந்தால் எது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

## மரம் அசையும், பிளைவுட் அவ்வளவாக அசையாது

விலையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பிளைவுட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வெட்டிக் காயவைத்து வருஷக்கணக்கான பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை, காற்றில் ஈரம் ஏறினால் ஊதும், இறங்கினால் சுருங்கும். இது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடப்பதும் இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட அசைவே கிடையாது. அகலவாக்கில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு வளையத் திசையில் சுமார் 5.8 சதவீதமும் மையத் திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. ரெட் ஓக் என்றால் 8.6, 4. தேக்குக்கு இருக்கிற மதிப்பில் ஒரு பங்கு இந்தச் சின்ன எண்களால் வந்தது.

காய்ந்து வீட்டுக்குள் வந்த மரத்துக்கு இவ்வளவு ஆட்டம் இருக்காது. ஆனால் 100 மி.மீ. அகல ரெட் ஓக் சட்டம் ஒன்றில் பருவம் மாறி மர ஈரம் 4 சதவீதப் புள்ளி கூடினாலோ குறைந்தாலோ அகலம் சுமார் 1.5 மி.மீ. மாறும். தேக்கில் அதில் பாதி. ஒன்றரை மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்றால், சுவர் நடுவில் இல்லை, மூலையில் ஆமாம். கதவுச் சட்டம் இரண்டு மூலைகளில் 45 டிகிரி மைட்டராக, அதாவது இரு முனையும் சாய்வாக வெட்டிய இணைப்பாகச் சேர்கிறது. அகலம் சுருங்கி நீளம் அப்படியே இருந்தால் 45 என்று வெட்டிய கோணம் 45-ஆக இருக்காது, உள்மூலைப் பக்கம் ஆப்பு வடிவில் இடைவெளி திறக்கும். ஊதினால் நேர்மாறு, வெளிமூலையில் திறக்கும். பல வீடுகளில் கதவுக்கு மேல் மூலையில் தெரியும் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு ஆசாரியைத் திட்டுகிறோம். அவர் வெட்டிய அன்று அது மூடித்தான் இருந்தது.

பிளைவுட்டில் ஒவ்வொரு ஏடும் அகலவாக்கில் ஊதப் பார்க்கும்போது பக்கத்து ஏடு நீளவாக்கில் நின்று அதைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் நீள அகலங்களில் அசைவு மிகக் குறைவு. தடிமனில் ஊதுவதை மட்டும் தடுக்க ஆளில்லை. மேலே ஒட்டிய அரை மில்லிமீட்டர் வெனீருக்குத் தனியாக அசையும் பலம் கிடையாது, அடியில் இருப்பதோடு போக வேண்டியதுதான். ஆக மைட்டர் மூலை மூடியபடி நிற்க வேண்டும் என்பதுதான் கவலை என்றால், வெனீர் பிளைவுட் திட மரத்துக்கு ஏழைப் பதிலி இல்லை, அந்த ஒரு விஷயத்தில் மேல்.

## வெனீர் இலை எப்படி வருகிறது

நல்ல கட்டையைத் தேர்ந்தெடுத்து வெந்நீரில் ஊறவைத்தோ நீராவியில் வேகவைத்தோ இளக்கி, நீளக் கத்தியில் சீவுகிறார்கள். அறுப்பதில்லை என்பது முக்கியம். ரம்பம் ஒரு வெட்டுக்குச் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும், அந்தத் தூளின் தடிமனில் அரை மில்லிமீட்டர் இலைகள் ஆறு கிடைத்திருக்கும்.

சீவும் விதத்தைப் பொறுத்து முகம் மாறுகிறது. கட்டையைச் சுழலவிட்டு, சுருட்டிய பாயை விரிப்பது போல உரித்தால் அது ரோட்டரி. அகலம் எவ்வளவு வேண்டுமானாலும் வரும், ரேகை மட்டும் அலை அலையாக, மரமே இல்லாத மாதிரி இருக்கும். கட்டையைப் பாதியாகப் பிளந்து தட்டையாகச் சீவினால் நடுவில் கோபுர வளைவும் இரு பக்கமும் நேர்கோடுகளும் கிடைக்கும். காலாகப் பிளந்து வளையங்களுக்குச் செங்குத்தாகச் சீவினால் முழுக்க நேர்கோடு.

சட்டத்துக்கு வாங்குகிறவர்கள் இங்கேதான் முதல் தப்பைச் செய்கிறார்கள். முழுப் பலகையில் கோபுர ரேகை அழகாக இருக்கிறது என்று அதையே எடுத்து 70 மி.மீ. பட்டைகளாக அறுத்தால், ஒரு பட்டையில் அரைக் கோபுரம், அடுத்ததில் வெறும் கோடு, மூன்றாவதில் இன்னொரு கோபுரத்தின் வால். கதவின் இடது சட்டமும் வலது சட்டமும் வேறு வேறு மரம் மாதிரி நிற்கும். ஒல்லியான வேலைக்கு நேர்கோட்டு ரேகைதான் சரி. வேகமாக வளரும் மரத்தைச் சீவி, சாயம் ஏற்றி, அடுக்கி ஒட்டி, மறுபடி சீவிச் செய்கிற செயற்கை வெனீரின் ஒரே சீரான கோடுகள் பெரிய கதவில் பொம்மை மாதிரி தெரிந்தாலும், சட்டத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இன்னொரு விஷயம், கையில் இலையை எடுத்தால்தான் புரியும். கத்தி சீவும்போது இலை ஒரு பக்கமாக வளைந்து வெளியே வருகிறது, அந்த வளைவில் ஒரு முகத்தில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. இழைக்குக் குறுக்கே இலையை மெதுவாக இரு கையால் வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் லகுவாக வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். லகுவாக வளையும்போது வெளிப்பக்கம் வருவது விரிசல் முகம். முடிந்தவரை அது பசையோடு கீழே போக வேண்டும். மேலே வைத்து மெருகு போட்டால் வெளிச்சம் சாய்வாக விழும்போது திட்டுத் திட்டாகத் தெரியும்.

## மரக் கணக்கு

2440 × 1220 மி.மீ. அளவில் 18 மி.மீ. தடிமன் ஷீட் ஒன்று. அதை 70 மி.மீ. அகலப் பட்டைகளாக நீளவாக்கில் அறுப்போம், வெட்டுக்கு 3 மி.மீ. தூள். 16 பட்டைகள் வரும், சுமார் 50 மி.மீ. துண்டு ஒன்று மிஞ்சும். மொத்தம் 39 மீட்டர் சட்டம். இதற்கு நல்ல மரம் எவ்வளவு வேண்டும்?

1. முழுக்கத் திட மரம் என்றால் 39 மீட்டருக்கு ஒன்றே முக்கால் கன அடி. இது இழைத்து முடித்த அளவு. அறுத்த பலகையிலிருந்து இந்த அளவுக்கு வர, கோணலை நேராக்கி, முடிச்சையும் பட்டையை ஒட்டிய வெளிறிய மரத்தையும் கழித்து, இரு முகமும் இழைக்க வேண்டும். 25 மி.மீ. பலகையில் 18 முதல் 20 தான் தேறும். அதிலும் சட்டத்துக்கு வேண்டியது நீளமான, நேரான, முடிச்சில்லாத துண்டுகள். கட்டையில் அதுதான் அரிது, அதனால் அதுதான் விலை கூடியது.
2. ஒரு முகத்துக்கு மட்டும் அரை மில்லிமீட்டர் வெனீர் என்றால் 0.05 கன அடி. 18-ஐ 0.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 36 மடங்கு குறைவு. விளம்பரத்தில் வருவது இந்த எண்.
3. இரு நீள ஓரங்களுக்கும் 6 மி.மீ. திட மரப் பட்டை ஒட்டினால் அதற்கு மட்டும் 0.3 கன அடி. அதாவது முகம் தின்கிற நல்ல மரத்தைப் போல ஓரம் ஆறு மடங்கு தின்கிறது.

அப்படியும் மொத்தம் 0.35 கன அடி, திட மரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மரத்தில் மிச்சம் உறுதி. ஆனால் அந்தப் பட்டைகளை அறுத்து, ஒட்டி, பிடித்துவைத்து, காய்ந்ததும் முகத்தோடு சமமாக்கும் வேலை திட மரத்தில் இல்லவே இல்லை. மர விலையில் இறங்கியது கூலியில் ஏறுகிறது. மரம் விலை அதிகமாகவும் கூலி குறைவாகவும் உள்ள இடத்தில் இது லாபம், மரம் மலிவாகவும் கூலி அதிகமாகவும் உள்ள இடத்தில் அதே வேலை நஷ்டம். நீங்களே உட்கார்ந்து செய்கிறீர்கள், உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போடுவதில்லை என்றால் கணக்கு வேறு.

## ஓரம்: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

அறுக்காத முழு ஷீட்டின் நான்கு ஓரமும் சேர்த்து 7.3 மீட்டர். அதையே 16 பட்டையாக்கினால் நீள ஓரங்கள் மட்டும் 78 மீட்டர். பிளைவுட்டின் ஓரத்தில் ஏடுகளின் அடுக்கு கோடு கோடாகத் தெரியும், சில ஷீட்டில் நடு ஏட்டில் ஓட்டைகூட இருக்கும். அதை மறைக்க வேண்டிய நீளம் பத்து மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அலமாரிக் கதவுக்கு நன்றாக வந்த யோசனை சட்டத்தில் கசக்கும் காரணம் இதுதான்.

78 மீட்டரும் கண்ணில் படுமா என்பது அடுத்த கேள்வி. ஸ்கர்ட்டிங்கில் மேல் ஓரம் மட்டும்தான் தெரியும், கீழ் ஓரம் தரையில் ஒளிந்துகொள்ளும். கதவைச் சுற்றிய சட்டத்தில் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டும் தெரியும். சுவர்ப் பூச்சோடு சமமாகப் பதித்த பட்டையில் எந்த ஓரமும் தெரியாது. ஒரே சட்டம், ஒரே பலகை, ஆனால் வேலை பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மாறுகிறது. விலை கேட்பதற்கு முன்னால் இதை எண்ணிவிடுவது நல்லது.

மறைக்கும் வழிகள்:

1. எட்ஜ் பேண்ட். பின்பக்கம் உருகும் பசை பூசிய வெனீர் நாடா. இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, மரக்கட்டையால் அழுத்தி, மிஞ்சியதைச் சீவிவிட்டால் முடிந்தது. வேகம், மலிவு. ஆனால் முனை அரை மில்லிமீட்டர்தான். துடைப்பக்கட்டையும் சூட்கேஸும் இடிக்கும் உயரத்தில் இதை நம்ப முடியாது, இடித்த இடத்தில் செதிள் பேர்ந்து அடியில் உள்ள வெளிறிய ஏடு சிரிக்கும்.

2. லிப்பிங். அதே மரத்தில் 5, 6 மி.மீ. திடப் பட்டையை ஓரத்தில் ஒட்டுவது. முனையை லேசாக உருட்டலாம், இடி தாங்கும், கீறினால் உப்புத்தாள் போட்டுச் சரிசெய்யலாம். முகத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோடு பிடிக்காது என்றால் முதலில் வெறும் பிளைவுட்டில் லிப்பிங்கை ஒட்டிச் சமமாக்கி, அதற்கும் மேல் வெனீர் போர்த்தலாம். கோடு மறையும், ஆனால் முனையில் மறுபடி வெனீரின் விளிம்பு வந்து நிற்கும், உருட்டினால் வெனீர் தேய்ந்துபோகும். அழகா, ஆயுளா என்று கேட்டால் கதவுச் சட்டத்துக்குக் கோடு தெரிந்தாலும் பரவாயில்லை என்பதே என் கட்சி. இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பவர் தச்சர் மட்டும்தான்.

3. மடிப்பு. முதுகுப் பக்கத்திலிருந்து முகத்து வெனீர் வரைக்கும் வி-வடிவப் பள்ளம் வெட்டி, வெனீரைக் கீலாக வைத்து மடித்து ஒட்டுவது. ரேகை முகத்திலிருந்து ஓரத்துக்குத் தொடர்ந்து ஓடும், பார்க்க முழு மரம்தான். துல்லியமான இயந்திரம் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

4. பீடிங். எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இது. தட்டையான அகலப் பகுதி வெனீர் பிளைவுட், அதன் ஓரத்தை மூடியபடி ஒரு சின்னத் திட மர பீடிங், அதாவது ஒல்லியான அலங்காரப் பட்டை. ஓரமும் மறைகிறது, சட்டத்துக்கு ஒரு வடிவமும் கிடைக்கிறது, நல்ல மரமும் குறைவாகவே செலவாகிறது.

வடிவம் என்றதும் ஒன்று: வளைவும் பள்ளமுமாகக் கடைந்த சட்டம் வேண்டுமென்றால் வெனீர் பிளைவுட்டில் அதைக் கடைய முடியாது. வடிவம் கடையும் ரவுட்டர் இயந்திரம் பட்ட முதல் நொடியில் அரை மில்லிமீட்டர் போய் அடுக்குகள் வெளியே வரும். வெனீர் போர்த்திய வளைவுச் சட்டங்கள் விற்கிறார்களே என்றால், அவை எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) அல்லது மலிவு மரத்தில் முதலில் வடிவம் கடைந்து, துணி போன்ற பின்தாள் ஒட்டிய வளையும் வெனீரைத் தொழிற்சாலையில் உருளைகளால் சுற்றிப் போர்த்தியவை. பட்டறையில் கையால் செய்கிற சமாச்சாரம் அல்ல.

## ஒட்டும் வேலையில் கோட்டைவிடும் இடங்கள்

கடையிலேயே வெனீர் ஒட்டிய ஷீட் கிடைத்தால் பெரும்பாலோர் அதையே எடுக்க வேண்டும், தொழிற்சாலை அழுத்தத்தோடு கையால் போட்டி போடுவதில் பொருளில்லை. வேண்டிய மரம் அப்படிக் கிடைக்காதபோதுதான் தனி இலை வாங்கி ஒட்டுவது.

அதில் முதலில் திசை. அடியில் உள்ள ஏட்டின் இழைக்குக் குறுக்காக வெனீரின் இழை ஓட வேண்டும் என்பது பழைய விதி. இணையாக ஓடினால் அடி ஏட்டின் விரிசல்கள் காலப்போக்கில் மேலேயும் கோடாக வெளிப்படும். சட்டத்தில் வெனீர் இழை நீளவாக்கில்தான் ஓடியாக வேண்டும். சாதாரண ஷீட்டின் முக ஏடும் நீளவாக்கில்தான் ஓடுகிறது. குறுக்கே வைக்க வேண்டுமென்றால் ஷீட்டை அகலவாக்கில் அறுத்து 1.22 மீட்டர் துண்டுகள் எடுக்க வேண்டும், அது கதவு உயரத்துக்குக் காணாது. விதியும் தேவையும் முட்டிக்கொள்கிற இடம் இது. வழி என்ன என்றால், முகத்தில் எம்.டி.எஃப். ஏடு போட்ட பிளைவுட்டை எடுப்பது, அதில் இழையே கிடையாது. அல்லது பின்தாள் ஒட்டிய வெனீரை எடுப்பது. அதுவும் இல்லையென்றால் மூடிய, விரிசல் இல்லாத முகமுள்ள நல்ல ஷீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்து சமநிலை. ஒரு முகத்தில் மட்டும் வெனீர் ஒட்டினால், பசை காயும்போது அந்தப் பக்கம் இழுத்துப் பலகை கிண்ணம் போலக் குழியும். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் போட வேண்டும், மலிவு ஏடாக இருந்தாலும் சரி. சட்டம் சுவரில் ஆணியடிக்கப்பட்டு நிற்பதால் இதில் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். 18 மி.மீ. தடிமனில் தப்பித்துவிடலாம், 6 மி.மீ. பட்டையில் நிச்சயம் மாட்டுவீர்கள்.

பசை விஷயத்தில் எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு, காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டதும் பிடித்துக்கொள்ளட்டும் என்று. பின்தாள் உள்ள வெனீருக்கு அது ஓடும். பின்தாள் இல்லாத வெறும் வெனீர் இலைக்கு வேண்டாம். அந்தப் பசை காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி நெகிழும், இலை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விரிசல் விடும், மேலே பூசும் பாலிஷில் உள்ள கரைப்பான் ஊறினால் கொப்புளம் எழும். வெள்ளைப் பசை என்று நாம் சொல்லும் பி.வி.ஏ. கெட்டியாக நிற்கும், ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது. ஈரம் பட்ட இலை ஊதி, சுருண்டு, அழுத்தத்தில் காய்ந்து, பிறகு சுருங்கும்போது இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விடும். அதனால் பசையை இலையில் தடவாமல் பலகையில் மட்டும் மெல்லிசாகத் தடவி, உடனே வைத்து, உடனே அழுத்த வேண்டும்.

ஒல்லியான பட்டைக்கு ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு பட்டைகளை வெனீர் முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவில் மெழுகுத்தாளோ பிளாஸ்டிக் தாளோ வைத்து அடுக்கிக் கிளாம்ப் போட்டால் ஒன்றுக்கொன்று அழுத்துபலகையாகிவிடும். கிளாம்ப் பற்றாக்குறை என்றால் இஸ்திரி முறை: இதில் மட்டும் பலகையிலும் இலையிலும் பி.வி.ஏ. தடவி, கண்ணாடி போல ஆகும்வரை காயவிட்டு, பொருத்திவைத்து, இஸ்திரிப் பெட்டியால் நடுவிலிருந்து முனை நோக்கித் தேய்த்து, பின்னாலேயே மரக்கட்டையால் அழுத்திக்கொண்டு போவது. ஆறினதும் விரல் நகத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். பிடித்த இடத்தில் ஒலி கட்டியாக இருக்கும், பிடிக்காத இடம் பொக்கென்று கேட்கும். அங்கே மறுபடி இஸ்திரி.

அறுப்பதிலும் ஒரு வார்த்தை. மேஜை ரம்பத்தில் நல்ல முகம் மேலே, கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் நல்ல முகம் கீழே. பல் வெளியேறும் பக்கம்தான் பிசிறு எழும்.

## போட்ட பிறகு

திட மரச் சட்டத்தைப் பத்து வருஷம் கழித்துச் சுரண்டி, இழைத்து, புதுசு போல ஆக்கலாம், அதையே பலமுறை செய்யலாம். வெனீரில் அந்த வசதி ஒருமுறை, அதுவும் கையால், 220 நம்பர் உப்புத்தாளில், பயந்து பயந்து. சாண்டிங் மெஷினை அதன் மேல் வைக்கவே கூடாது. முனையில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் அடி ஏடு எட்டிப் பார்க்கும், அதற்கு மருந்து கிடையாது, சாயம் தடவி ஏமாற்றத்தான் முடியும்.

தண்ணீர். தரையோரச் சட்டத்தின் கீழ் ஓரம் கண்ணில் படாது என்று சொன்னேன், படாததால்தான் அதை யாரும் பூசுவதும் இல்லை. தரை துடைக்கும் ஈரம் தினமும் அதில் ஏறும். திறந்த பிளைவுட் ஓரம் தண்ணீரை உறிஞ்சுவதில் பஞ்சுத்திரி மாதிரி, சில மாதங்களில் கீழ்ப்பகுதி ஊதி வெனீர் கொப்பளிக்கும். கொதிநீர் தாங்கும் ரகப் பிளைவுட்டில் ஏடுகள் பிரியாது, ஆனால் அந்த ரகமும் ஈரத்தில் ஊதத்தான் செய்யும். பொருத்துவதற்கு முன் கீழ் ஓரத்துக்கும் முதுகுக்கும் ஈரம் ஏறாமல் அடைக்கும் சீலர் இரண்டு பூச்சு, தரையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கல். பத்து நிமிஷ வேலை.

கறையான். தேக்கின் வைரம், அதாவது கட்டையின் நடுப்பகுதி மரம், கறையானை எதிர்க்கும் என்பது உண்மை. அந்தக் குணம் அரை மில்லிமீட்டருக்குள் மட்டுமே இருக்கும், உள்ளே இருக்கும் மரத்துக்கு ஒட்டிக்கொள்ளாது. முகத்தின் பெயரைச் சொல்லி உள்ளுக்கும் உத்தரவாதம் தருகிறவரிடம், உள்ளே இருக்கும் பிளைவுட்டுக்கு மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள்.

வெயில். வெனீர் நிஜ மரம் என்பதால் நிஜ மரம் போலவே நிறம் மாறும். செர்ரி கறுக்கும், வால்நட் வெளுக்கும். முகமும் லிப்பிங்கும் ஒரே மரமாக இருந்தால் சேர்ந்தே மாறும். நிறம் ஒத்துப்போகிறதே என்று வேறு மரத்தில் லிப்பிங் போட்டுச் சாயம் ஏற்றினால் இரண்டு வருஷத்தில் ஓரம் தனியாக, முகம் தனியாகத் தெரியும். வெனீர் மட்டும் வேகவைத்ததாக இருந்தால் தொடக்க நிறத்திலேயே சின்ன வித்தியாசம் இருக்கும், ஒட்டுவதற்கு முன் இரண்டிலும் பாலிஷ் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடலாம்.

பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு பற்றிய பயமும் அடிக்கடி கேட்கிறது. அது நிஜமான விஷயம்தான், வெனீரால் வருவதல்ல, உள்ளே இருக்கும் பலகையின் பசையால் வருவது. இ1 போன்ற வெளியீட்டு வரம்புக் குறியீடு உள்ள பலகையாக எடுத்து, திறந்த ஓரங்களை மூடினால் பெருமளவு குறையும்.

## எங்கே எது

தட்டையான, அகலமான, ஒரு ஓரம் மட்டும் தெரிகிற சட்டம் என்றால் வெனீர் பிளைவுட் யோசிக்காமல் போடலாம். உயரமான ஸ்கர்ட்டிங், அகல ஜன்னல் பட்டை, பீடிங் சேர்த்த கதவுச் சட்டம் எல்லாம் இதில் வரும். பக்கத்தில் இருக்கும் அலமாரியும் கதவும் அதே வெனீர் என்றால் இன்னும் பொருத்தம், ஒரே கட்டையின் இலைகள் என்றால் ரேகையும் நிறமும் பேசிக்கொள்ளும்.

40 மி.மீ.க்குக் குறைந்த அகலத்தில் வேண்டாம். அங்கே முகத்தைவிட ஓரங்களின் வேலைதான் அதிகம், திட மரம் கொஞ்சம்தான் செலவாகும். கடைந்த வடிவம் என்றாலும் திட மரம். வாசற்கதவு, குளியலறைக் கதவு, மாடிப்படி ஓரம் மாதிரி இடியும் ஈரமும் படுகிற இடங்களிலும் அதேதான். ஒரே வீட்டில் இரண்டையும் கலந்து போடுவதில் எந்தத் தவறும் இல்லை, ஒரே மரம், ஒரே பாலிஷ் என்றால் யாருக்கும் தெரியாது.

வாங்கும்போது சட்டத்தின் வெட்டுமுனையைப் பாருங்கள். முகத்தில் ஓடும் ரேகை முனை வழியாக உள்ளே இறங்கினால் திட மரம். அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட், தவிடு போலச் சீராக இருந்தால் எம்.டி.எஃப். முனைக்குச் சாயம் பூசியிருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய இலைகளையும் ஒரு மீட்டர் சட்டத்தையும் பத்திரப்படுத்துங்கள், முதுகுப் பக்கத்தில் எந்தக் கட்டு, எந்த வரிசை என்று பென்சிலில் எழுதி, தட்டையாக, இரண்டு பலகைக்கு நடுவில். மூன்று வருஷம் கழித்து ஒரு மூலை பேர்ந்தால் அதே மரத்தில் வெனீர் எங்கும் கிடைக்கும், அந்தக் கட்டையின் ரேகை மட்டும் கிடைக்காது.